ஒன்றும் நடக்காத இரவுகளின் பதிவேடு

இலங்கை மலையகத்துக் கொத்மலையிலிருந்து பார்த்தால் துருவ ஒளி தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7 பாகையில். கடும் சூரியப் புயல் அடிக்கிற இரவில் சிவப்பு ஒளி 400 கிலோமீட்டர் உயரத்தில் தோன்றும் என்று வைத்துக்கொண்டு, பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்து, ஒருநாள் தாளில் போட்டுப் பார்த்தேன். தடையில்லாத அடிவானம் இருந்தால், லக்னோவின் அட்சரேகை வரை அந்த ஒளி இறங்கி வந்தால்தான் எனக்கு விளிம்பில் தொட்டும் தொடாமலும் தெரியும். எனக்கோ அடிவானம் என்று ஒன்று கிடையாது. வடக்கே மலைமுகடு பத்துப் பாகை உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. அதற்கு மேலே தெரிய வேண்டுமென்றால் மும்பையின் அட்சரேகைக்கு நேர் உச்சியில் துருவ ஒளி வந்து நிற்கவேண்டும். 1872 பெப்ரவரி 4ஆம் திகதி இரவு பம்பாயில் துருவ ஒளி தெரிந்ததாகப் பத்திரிகைச் செய்தி உண்டு. அப்படி ஒரு புயல் திரும்ப வந்தாலும் என் முகட்டை அது தாண்டுமா என்பது சந்தேகம்தான்.

"தெரியவே தெரியாதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதுக்குப்பா ராத்திரி ராத்திரி வடக்கப் பாத்துப் படம் புடிக்கிறீங்க?" என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. பதில்தான் கொஞ்சம் நீளம்.

துருவ ஒளியின் சிவப்பும் பச்சையும் ஒட்சிசன் அணுவிலிருந்து வருபவை. சிவப்பின் அலைநீளம் 630 நானோமீட்டர், பச்சை 557.7. பச்சைக்கு அவசரம், தூண்டப்பட்ட அணு ஒரு விநாடிக்குள் ஒளியை விட்டுவிடும். சிவப்புக்கு ஏறத்தாழ 110 விநாடி வேண்டும். அவ்வளவு நேரம் அந்த அணு வேறெதிலும் மோதாமல் இருந்தாக வேண்டும். காற்று மிக மெலிந்த, 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில்தான் அதற்கு வழி உண்டு. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குச் சிவப்பு மட்டும் தெரிவது இதனால்தான்: கீழே இருக்கும் பச்சையைப் பூமியின் வளைவு மறைத்துவிடுகிறது, மேலே இருக்கும் சிவப்பு எட்டிப் பார்க்கிறது.

இதே ஒட்சிசன் எங்கள் தலைக்கு மேலும் இருக்கிறது. புயல் வேண்டாம், துருவம் வேண்டாம். பகல் முழுக்க வெயிலில் பிளவுபட்ட அணுக்களும் அயன்களும் இரவில் மறுபடி சேரும்போது அதே 557.7, அதே 630 வெளிவருகிறது. பச்சை 95 கிலோமீட்டர் அளவில் ஒரு மெல்லிய படலமாக, சிவப்பு 250 கிலோமீட்டர் அளவில் ஒரு தடித்த படலமாக. ஆங்கிலத்தில் ஏர்குளோ என்பார்கள்; நான் வளி ஒளிர்வு என்று எழுதிவைக்கிறேன். உலகத்தில் எந்த ஊர் வானமும் இதனால் முழு இருட்டு ஆவதில்லை.

எவ்வளவு மங்கல்? இந்த ஒளியை அளக்கும் அலகின் பெயர் றேலி. இரவு வான் ஒளிர்வை முதன்முதலில் முறையாக அளந்த நான்காம் றேலி பிரபுவின் பெயர் அது. இரவின் பச்சை ஒளிர்வு இருநூறு, முந்நூறு றேலி. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குப் பச்சை புலப்பட ஏறத்தாழ ஆயிரம் றேலி வேண்டும், சிவப்புக்குப் பத்தாயிரம். இரவில் வேலை செய்யும் கண்ணின் செல்கள் 630இல் கிட்டத்தட்டக் குருடு. ஆகவே நான் எடுப்பதைக் கண்ணால் பார்த்தவன் நான் அல்ல, பார்க்கப்போவதும் இல்லை. கமரா எடுத்ததிலிருந்து வேண்டாததையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் என் வானம். கழிக்கத் தெரிவதுதான் இந்தத் தொழில். படம் பிடிப்பது அதில் சின்னப் பங்கு.

என் வானாய்வகம் என்று சொன்னால் குவிமாடத்தை நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்குப் பின்னால், கவ்வாத்து வெட்டிய தேயிலைச் சரிவைப் பார்த்தபடி, சீமெந்துத் தளம் போட்ட தகரக் கொட்டகை. கூரையைப் பின்னால் தள்ளலாம். இரும்புக் கேட்டுக்குப் போடும் தண்டவாளமும் சில்லும் வாங்கிப் பொருத்தினேன். உள்ளே நடுவில் தளத்தோடு ஒட்டாமல் தனியாக மண்ணில் இறக்கிய கொங்கிறீட் தூண். தளத்தோடு ஒட்டினால் நான் நடக்கிற அதிர்வு படத்தில் வரும்.

தூணின் மேல் நட்சத்திரங்களைப் பின்தொடரும் தாங்கி. அதன் அச்சு வான துருவத்தைப் பார்க்க வேண்டும். அதாவது தரையிலிருந்து ஏழே பாகை. இந்தத் தாங்கிகளை ஐரோப்பாக்காரனுக்கும் அமெரிக்கனுக்கும் என்று செய்கிறார்கள். நாற்பது, ஐம்பது பாகையில் சொகுசாக நிற்கும். ஏழு பாகைக்குச் சாய்த்தால் உயரத் திருகு முட்டிக்கொள்ளும், எதிர்ப்பாரக் கம்பி காலில் இடிக்கும். முக்காலியைத் தூக்கி எறிந்துவிட்டுத் தூண் போட்டதே இதற்காகத்தான். துருவ நட்சத்திரமோ முகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதைப் பார்த்து அச்சைச் சரிசெய்ய வழியில்லை. தெற்கே உச்சத்தில் ஒரு நட்சத்திரத்தையும் கிழக்கே தாழ்ந்த ஒன்றையும் மாறி மாறிப் பார்த்து, எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனித்து, அச்சை இம்மி இம்மியாகத் திருகவேண்டும். பொறுமை இல்லாதவனுக்கு இது ஆகாது. ஆனால் வளி ஒளிர்வுக்கு நட்சத்திரத்தைப் பின்தொடரத் தேவையே இல்லை; கமராவை நிலையாக ஒரு திசையில் வைத்தால் போதும். தாங்கி எல்லாம் என் மற்ற ஆசைகளுக்கு.

பெரிய எதிரி ஈரம். மலையகத்தில் லென்ஸ் வாங்குபவன் முதல் மழைக்காலத்திலேயே பூஞ்சணத்தைச் சந்திப்பான். கண்ணாடிக்குள் சிலந்தி நூல் மாதிரிப் படரும். ஒருமுறை பூச்சில் பதிந்துவிட்டால் துடைத்து எடுக்க முடியாது. என் லென்ஸ்கள் அரிசிப் பெட்டி ஒன்றில், சின்ன பல்ப் எரிய, கதகதப்பாகக் குடியிருக்கின்றன. மனைவிக்கு அந்தப் பெட்டியின் மேல் இன்னமும் உரிமை இருக்கிறது, அடிக்கடி நினைவூட்டுவாள்.

வேலை செய்யும் இரவில் பனி வேறு விதமாகப் படுத்தும். பத்து மணிக்குத் தெளிந்திருந்த லென்ஸ் பத்தேகாலுக்கு மங்கும். படத்தில் அது வான் ஒளிர்வு கூடியதுபோலவே தெரியும், அதுதான் ஆபத்து. நான் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், எலெக்ட்ரீசியனாக இருந்தவன். கொழுந்து வாட்டும் மாடியில் உலர்குமிழ், ஈரக்குமிழ் என்று இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத்தான் எவ்வளவு நேரம் காற்று விடுவது, சூடு வேண்டுமா வேண்டாமா என்று டீ மேக்கர் முடிவு செய்வார். அந்தச் சோடியை அப்படியே கொட்டகையில் தொங்கவிட்டிருக்கிறேன். வித்தியாசம் இரண்டு பாகைக்குக் கீழே இறங்கினால் லென்ஸைச் சுற்றிக் கட்டிய சூட்டுப்பட்டியைப் போடுவேன். ரெசிஸ்டர்களை வரிசையாக ஒட்டுவைத்துத் துணியில் தைத்தது. 12 வோல்ட் பற்றரி போதும். பதிவேட்டில் ஒவ்வொரு படத்தொகுதிக்கும் பக்கத்தில் இரண்டு வெப்பநிலையையும் எழுதுவேன். பின்னால் படத்தில் ஏதாவது வெளுத்துத் தெரிந்தால், அது வானமா பனியா என்பதை அந்த இரண்டு எண்கள் சொல்லிவிடும். பதிவேடு எழுதும் பழக்கமே அந்த வாட்டும் மாடியில் வந்ததுதான். எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளிலும் எழுதித்தான் ஆகவேண்டும். குழப்பம் வந்த நாளின் எண்ணை வேறெதோடு ஒப்பிடுவது?

எடுக்கும் முறை எளிது. அகன்ற கோண லென்ஸ், வாயை முழுக்கத் திறந்து. 30 விநாடி வெளிச்சம், ஐஎஸ்ஓ 3200. கோப்பு ரோ வடிவில். வெள்ளைச் சமநிலையைப் பகல் வெளிச்சத்தில் நிறுத்திவிட வேண்டும். தானியங்கியில் விட்டால் மங்கலான சிவப்பைக் கமரா கறை என்று நினைத்துத் தானே கழுவிவிடும். இரைச்சல் குறைப்பு எதுவும் கூடாது. கமராவின் கடிகாரத்தைச் சர்வதேச நேரத்தில், இணையத்தோடு ஒப்பிட்டு, அன்றன்றைக்குத் திருத்த வேண்டும். லென்ஸ் மூடியைப் போட்டு அதே வெப்பநிலையில் அதே 30 விநாடிக்குச் சில படங்கள்: உணரியின் சொந்தச் சூட்டைக் கழிக்க. அந்தி வெளிச்சத்தில் லென்ஸின் மேல் வெள்ளை வேட்டித் துணியை இழுத்துக் கட்டிச் சில படங்கள்: லென்ஸ் ஓரங்களில் இருள்வதைச் சரிசெய்ய. மங்கலான ஒளியில் வேலை செய்பவனுக்கு ஓர இருள்தான் முதல் பொய்ச்சாட்சி. படத்தின் நடுப்பகுதி எப்போதும் பிரகாசமாகத் தெரியும். அதைப் பார்த்து வானத்தில் ஒளிப்பட்டை என்று கூவியவர்கள் உண்டு. இதற்கு என் சோதனை, பாதி இரவில் கமராவைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி எடுப்பது. கமராவோடு சேர்ந்து திரும்புவது கமராவுடையது. திரும்பாமல் நிற்பது வானத்துடையது.

வானத்துடையது என்றாலும் அது ஒட்சிசன் ஆகிவிடாது. எனக்கு வடக்கே கண்டி. இதைவிட மோசமான இடத்தில் ஒரு நகரம் இருக்க முடியாது: துருவ ஒளி வந்தால் எந்தத் திசையில் வருமோ அந்தத் திசையில், முகட்டுக்கு மேலே, எப்போதும் மஞ்சள் கலந்த வெளிச்சம். வடமேற்கே கம்பளை. தென்கிழக்கே நுவரெலியா, மூடுபனி இருந்தால் மட்டும் மேலே பூசிக்கொள்ளும். பக்கத்தில் நீர்த்தேக்கத்தின் அணைக்கட்டு. 1985இல் கட்டிமுடித்த, 87 மீட்டர் உயர அணை. தாழ்ந்த முகில் நீர்மேல் இறங்கினால் அணை விளக்குகள் அதன் அடிவயிற்றில் அடிக்கும். வெசாக் வாரத்தில் ஒவ்வொரு சந்தியிலும் விளக்குப் பந்தலும் கூடும்; அந்த வாரத்தை நான் பதிவேட்டில் 'வெசாக்' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுத் தூங்கப்போவேன்.

விளக்கையும் ஒட்சிசனையும் பிரிக்க லென்ஸுக்கு முன்னால் ஒரு கீற்றணியைப் பிடிக்கலாம். மில்லிமீட்டருக்கு ஐந்நூறு கோடு போட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள், பாடசாலை ஆய்வுகூடத்தில் இருப்பது. எல்ஈடி விளக்கு நிறங்களாக விரிந்து நீளமாகத் தெரியும். பழைய சோடியம் விளக்கு 589இல் தடித்த மஞ்சள். வளி ஒளிர்வோ வானம் முழுக்கப் பரவியிருப்பதால், ஒடுங்கிய பிளவு ஒன்றின் வழியே எடுத்தால்தான் அதற்குரிய ஒரே இடத்தில் கோடு விழுத்தும், அதுவும் நிறையப் படங்களை அடுக்கிச் சேர்த்த பிறகு. இதைவிடச் சுலபமான சோதனையும் உண்டு. முகில் நட்சத்திரத்தை மறைக்கும். வளி ஒளிர்வு மறைக்காது. வெளிச்சம் கூடிய இடத்தில் மங்கல் நட்சத்திரங்களை எண்ணிப் பாருங்கள். குறைந்திருந்தால் அது முகில், கண்டியின் சாயம் பூசிய முகில்.

கண்டியைக் கழிக்க எனக்கு ஒருமுறை நாடே உதவி செய்தது, யாரும் விரும்பாத விதத்தில். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. பகுதி பகுதியாக வெட்டினார்கள். எங்கள் பகுதியும் வடக்கே இருந்த பகுதிகளும் ஒன்றாக அணைந்த நேரங்கள் சில வந்தன. மார்ச் எங்களுக்கு வறண்ட மாதம், வானமும் திறந்திருந்தது. தோட்டத் தொழிலாளர் லயங்களில் மண்ணெண்ணெய் இல்லாமல் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவைத்திருந்த அதே நேரத்தில் நான் கூரையைத் தள்ளிக்கொண்டு நின்றேன். அதைப்பற்றி எனக்குப் பெருமை கிடையாது. ஆனால் படங்கள் இருக்கின்றன. முகட்டின் மேல் மஞ்சள் இல்லை. அங்கே மிஞ்சியது பத்து, பதினைந்து பாகை உயரத்தில் ஒரு வெளிறிய பச்சைப் பட்டை. அந்தச் சாய்வில் படலத்தை நீளவாக்கில் ஊடுருவிப் பார்க்கிறோம். ஆகவே உச்சியைவிட அங்கே ஒளிர்வு கூடுதல். வடக்கே மட்டுமல்ல, எல்லாத் திசையிலும் அதே அளவு. அடிவானத்தைச் சுற்றி ஒரே சீராக இருந்தால் அது வளி ஒளிர்வு என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் வேறில்லை. விளக்கு மறுபடி வந்த இரவுகளின் படத்திலிருந்து இந்த இருண்ட நேரங்களின் படத்தைக் கழித்தால் கண்டியின் பங்கு எவ்வளவு என்று தெரியும். இன்றைக்கும் நான் கழிப்பது அந்த அடிப்படையில்தான்.

வெறும் வானத்தைப் பதிந்துவைப்பதன் பயன் என்ன என்று காட்ட இப்போது ஹான்லேவுக்கு வருகிறேன். லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில், வடக்கு 32 பாகை 47 கலையில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வானாய்வகம் இருக்கிறது. இரண்டு மீட்டர் சந்திரா தொலைநோக்கி அங்கேதான். (அந்த நிறுவனத்தின் வேரைத் தேடிப்போனால் 1786இல் சென்னை எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி உத்தியோகத்தர் தன் வீட்டில் வைத்திருந்த தனியார் வானாய்வகத்தில் போய் முட்டும். வீட்டுக்காரர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் கூடுதல்.) ஹான்லேயில் முழு வானத்தையும் ஒரே சட்டத்தில் எடுக்கும் கமராக்கள் உண்டு. முகில் இருக்கிறதா, வானம் எவ்வளவு இருட்டு என்று பார்ப்பதற்காக வைத்தவை. துருவ ஒளிக்கென்று யாரும் வைக்கவில்லை. 2023 ஏப்ரலில் ஒரு காந்தப் புயலின்போது அந்தக் கமராதான் வடக்கே சிவப்பைப் பிடித்தது.

அடுத்த ஆண்டு வந்தது பெரியது. 2024 மே 10, வெள்ளிக்கிழமை, அட்சய திருதியை. சூரியனில் 13664 என்று எண்ணிட்ட புள்ளிக்கூட்டம் அடுத்தடுத்து வீசிய பிளாஸ்மா மேகங்கள் பூமியில் மோதின. 2003 ஒக்டோபருக்குப் பிறகு புயல் அளவுகோலின் உச்சப்படியான ஐந்தாம் நிலை அறிவிக்கப்பட்டது அன்றைக்குத்தான். மூன்றாம் பிறை சீக்கிரமே மறைந்துவிடும். அதன்பின் இரவு முழுக்க நிலா இல்லை. ஹான்லேயில் வானாய்வகப் பொறுப்புப் பொறியியலாளர் டோர்ஜே ஆங்சுக் எடுத்த படங்கள் மறுநாள் எல்லாக் கைத்தொலைபேசிக்கும் வந்தன: கரிய மலைக்கோட்டுக்கு மேலே ஆழ்ந்த சிவப்பு.

அந்தப் படங்களை எல்லோரும் அழகுக்காகப் பார்த்தார்கள். எனக்குப் பொறாமை வேறொன்றில். முந்தைய இரவும், அதற்கு முந்தைய இரவும், வருடம் முழுக்க, அதே கமரா அதே இடத்தில் எடுத்த வெறும் வானம் அவர்களிடம் கையில் இருக்கிறது. சிவப்பு எவ்வளவு கூடியது என்று கேட்டால் சொல்ல முடியும். அத்தகைய சிவப்பில் ஒரு வகை, நிலைத்த வில்போல நீளும். பூமியைச் சுற்றி ஓடும் வளைய மின்னோட்டத்தின் வெப்பம் காந்தக் கோடுகள் வழியே கீழே கசிந்து, 400 கிலோமீட்டர் உயரத்து எலெக்ட்ரான்களைச் சூடாக்கி, அவை ஒட்சிசனைத் தூண்டுவதால் வருவது. 1956இல் பிரான்சில் டானியல் பார்பியே கருவி கொண்டு கண்டுபிடித்தார். பெரும்பாலும் சில நூறு றேலியிலிருந்து சில ஆயிரம் வரைதான் இருக்கும், கண்ணுக்குத் தப்பிவிடும். அப்படிப்பட்ட ஒன்றை 'இருந்தது' என்று சொல்ல அதற்கு முந்திய 'இல்லை'கள் வேண்டும்.

இந்த விஷயத்தில் என் அபிப்பிராயம் கொஞ்சம் கடுமையானது. புயல் எச்சரிக்கைச் செய்தி வந்த இரவில் மட்டும் கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுபவரின் படம், எவ்வளவு அழகாக இருந்தாலும், பதிவு ஆகாது. 2024 மே மாதத்துக்குப் பிறகு தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இளஞ்சிவப்பு வானப் படங்கள் வட்ஸ்அப்பில் சுற்றின, எனக்கும் அனுப்பி "இதுதானே அது?" என்று கேட்டார்கள். கைத்தொலைபேசியின் இரவு முறை எந்த இருட்டையும் நிறமாக்கும். ஒருவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: நேற்று அதே இடத்தில் எடுத்த படம் இருக்கிறதா? கோபித்துக்கொண்டார்.

1859ஐப் பாருங்கள். செப்டெம்பர் முதலாம் திகதி காலை இங்கிலாந்தில் ரெட்ஹில் என்ற ஊரில் ரிச்சர்ட் காரிங்டன் தன் வீட்டு வானாய்வகத்தில் சூரியப் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். வெயில் கிடைத்த நாளெல்லாம் வரைவது அவர் வழக்கம். திடீரென்று புள்ளிகளுக்கு மேலே இரண்டு வெள்ளைத் தீற்றல்கள். சாட்சிக்கு ஆள் கூப்பிட ஓடினார். ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வந்தபோது பெரும்பாலும் மங்கிவிட்டது. ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. பதினேழு, பதினெட்டு மணித்தியாலம் கழித்துப் பூமியில் புயல். அந்தப் புயலின் ஆழத்தை இன்றைக்கு எங்கிருந்து எடுக்கிறோம் தெரியுமா? பம்பாய் கொலாபா வானாய்வகத்தின் பதிவேட்டிலிருந்து. காந்த ஊசியின் நிலையைக் கண்ணால் பார்த்து எழுதுவது அங்கே அன்றாட வேலை. குழப்பம் கண்டால் இடைவெளியைக் குறைத்து எழுதுவார்கள். செப்டெம்பர் 2ஆம் திகதிப் பக்கத்தில் கிடைமட்டக் காந்தப்புலம் ஏறத்தாழ 1,600 நானோடெஸ்லா சரிந்திருக்கிறது. கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதிய ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு நடுவில் அந்த ஒரு பக்கம்.

இதில் எங்களைப் போன்ற தெற்கத்தியருக்கு ஒரு பங்கு இருக்கிறது. துருவத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு ஒளி தெரியும். ஆனால் அங்கே தலைக்கு மேலேயே மின்னோட்டம் தாறுமாறாக ஓடுவதால் காந்த ஊசி கூத்தாடும், புயல் மொத்தமாக எவ்வளவு பெரியது என்று அதிலிருந்து எடுப்பது கஷ்டம். தூரத்துக் குறைந்த அட்சரேகைகளில்தான் வளைய மின்னோட்டத்தின் பாரம் சுத்தமாகத் தெரியும். புயலின் அளவை மணிக்கு மணி சொல்லும் டிஎஸ்டி எண்ணைக் கணக்கிடுவதே ஹொனலுலு, சான் வான், ஹெர்மானுஸ், ககியோக்கா என்ற நான்கு நிலையங்களை வைத்துத்தான். நான்கும் துருவ ஒளிக்குப் பேர்போன ஊர்கள் அல்ல.

அதனால் நானும் ஒரு காந்த உணரியைப் புதைத்தேன். கைத்தொலைபேசியில் இருக்கும் திசைகாட்டிச் சில்லைவிடக் கொஞ்சம் நிதானமான வகை. ஒரு நிமிடத்து அளவுகளைச் சராசரி எடுத்தால் பத்து நானோடெஸ்லா அளவில் நம்பலாம். பிளாஸ்டிக் டப்பாவில் மெழுகு ஊற்றி அடைத்து, ஒரு மீட்டர் ஆழத்தில், கொட்டகையிலிருந்து தள்ளி. ஆழம் எதற்கென்றால் மேல்மண் வெயிலுக்கும் பனிக்கும் ஏறி இறங்கும், உணரியும் கூடவே ஏறி இறங்கும். தள்ளி எதற்கென்றால் என் தகரக் கூரையைத் தள்ளினாலே பதிவுக் கோடு குதிக்கும். றோட்டில் ஓட்டோ ஒன்று நின்றால் சின்னப் படி விழும். போனால் படி இறங்கும். யார் வீட்டுக்கு எப்போது ஓட்டோ வந்தது என்று என் காந்தப் பதிவிலிருந்து சொல்லிவிடலாம், சொல்வதில்லை. கொலாபாவுக்கும் இதே பாடுதான்: பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும் 1904இல் அலிபாக்கில் புது நிலையம் திறந்து காந்தக் கருவிகளை அங்கே கொண்டுபோனார்கள்.

காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தெற்கு முனையை ஒட்டிப் போகிறது. தும்பாவில் 1963இல் ராக்கெட் தளம் வைத்ததற்குக் காரணமே அதுதான். கொத்மலை அந்தக் கோட்டுக்குச் சற்றே தெற்கே. பகலில் எங்களுக்கு மேலே, 100 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் பாயும். அமைதியான நாளில் என் உணரியின் பதிவுக் கோடு காலையில் ஏறி, நண்பகலை ஒட்டி மேடு கட்டி, மாலையில் இறங்கும். மேடு நாளுக்கு நாள் உயரம் மாறும். அதைப் பழகிய பிறகுதான் புயல் எது என்று தெரியும்.

2024 மே 10 இரவு எங்கள் வானம் முழுக்க முகில். கமராவுக்கு வேலையில்லை, கூரையைத் திறக்கவும் இல்லை. மறுநாள் காலை ஹான்லே படங்களைப் பார்த்துவிட்டு உணரியின் பதிவை எடுத்தேன். முன்னிரவு வரை கோடு சமதளம். இரவு 10.35ஐ ஒட்டி மேலே ஒரு கூர்மையான துள்ளல்: பிளாஸ்மா மேகம் பூமியின் காந்தக் கவசத்தை அமுக்கிய கணம், உலகம் முழுக்க ஒரே நேரத்தில் பதிவானது. அதன்பின் சரிவு. நடுச்சாமத்தில் சரிவு, விடியற்காலையில் சரிவு, பெரட்டுக்கு, காலை ஆள்கணக்குக்கு, ஆட்கள் போன பிறகும் சரிவு. காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில் அடிமட்டம். உலகக் கணக்கில் அந்த மணித்தியாலத்தின் டிஎஸ்டி 400க்கும் கீழே, கழித்தல் பக்கம். எங்கள் கிடைமட்டப் புலம் மொத்தம் 40,000 நானோடெஸ்லா அளவு. நூற்றில் ஒரு பங்கு கழன்று போயிருந்தது. வெயில் அடித்துக்கொண்டிருந்தது, சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மகளைக் கூப்பிட்டுக் கோட்டைக் காட்டினேன். "இது படமாப்பா? கிராப்புல்ல?" என்றாள். ஆமாம், கிராப்தான்.

இலங்கையில் வீட்டு வானாய்வகத்துக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. பெர்சி மோல்ஸ்வொர்த் என்ற பிரித்தானிய இராணுவ அதிகாரி திருகோணமலையில் பன்னிரண்டரை அங்குலத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு வியாழனை இரவு இரவாக வரைந்தார். 1901 பெப்ரவரியில் வியாழனின் தெற்கு மண்டலத்தில் ஒரு கரிய திட்டை முதலில் கண்டவர் அவர். அது 1939 வரை நீடித்தது. 1908இல் திருகோணமலையிலேயே காலமானார். அவர் பெயரில் செவ்வாயில் ஒரு பள்ளம் உண்டு. திருகோணமலையில் அவரைப்பற்றிக் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள் தெரியாது. எங்கள் நாட்டின் இடம் எதற்கு நல்லதோ அதை எடுத்துக்கொண்டார் என்பதுதான் எனக்குப் பிடித்தது. லண்டனில் தாழ்ந்து நின்ற வியாழன் இங்கே உயர்ந்து நின்றது.

எனக்கும் அப்படி ஒன்று வாய்த்திருக்கிறது. காந்த நடுக்கோட்டை ஒட்டிய வானத்தில், சூரியன் மறைந்து ஓரிரு மணித்தியாலத்தில், அயன் மண்டலத்தின் அடியிலிருந்து அடர்த்தி குறைந்த குமிழிகள் மேலே கிளம்பும். காந்தக் கோடுகள் ஓடும் திசையில், வடக்கு தெற்காக, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு விரியும். ஜிபிஎஸ் சமிக்ஞை அவற்றைக் கடந்து வரும்போது நடுங்கும். 630இல் எடுத்தால் வளி ஒளிர்வின் சிவப்பில் கரிய கீற்றுகளாகத் தெரியும். மெதுவாகக் கிழக்கே நகரும். திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் முழுவானக் கமராவால் இவற்றை எடுக்கிறது. காந்தப் புயல் இந்தக் குமிழிகளைச் சில இரவுகளில் கிளப்பிவிடும், சில இரவுகளில் அடக்கிவிடும். புயல் தொடங்கும்போது இங்கே மாலையா விடிகாலையா என்பதைப் பொறுத்தது. ஹான்லேக்கு வடக்கே சிவப்பு கூடுகிறது என்றால், எங்களுக்குத் தலைக்கு மேலே சிவப்பில் ஓட்டை விழுகிறது. ஒரே புயல்.

இதற்கு முறை கொஞ்சம் மாறுகிறது. முப்பது விநாடிப் படங்களை நான்கு நான்காகச் சேர்த்து இரண்டு நிமிடமாக்குகிறேன். அதற்கு மேல் சேர்த்தால் கீற்று நகர்ந்து அழிந்துவிடும். ஒரு மணித்தியாலத்துப் படங்களின் நடுமதிப்பை எடுத்து ஒவ்வொன்றிலிருந்தும் கழிக்கிறேன். அசையாதது எல்லாம் போய்விடும்: கண்டி, கம்பளை, ஓர இருள். நட்சத்திரங்களும் பால்வீதியும் மேற்கே போகும், குமிழி கிழக்கே போகும், முகில் காற்றுக்கு ஏற்ற திசையில், வேகமாக. திசையைப் பார்த்தே பாதி வழக்கு தீர்ந்துவிடுகிறது. 630 மட்டும் விடும் குறுகிய வடிகண்ணாடி ஒன்று வாங்கினால் மீதியும் தீரும். அதன் விலையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மேலே குமிழி போகும்போது காந்தக் கோட்டில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் அன்றைக்கு மாலை அமைதியா, புயலா என்று கோட்டைப் பார்த்துக்கொள்வேன். இரண்டு பதிவேடும் இப்போது ஒரே மேசையில்.

எங்கள் நெடுங்கோட்டில் குமிழிகள் மலிந்த காலம் மார்ச், ஏப்ரலும், செப்டெம்பர், ஒக்டோபரும். செப்டெம்பரில் தென்மேற்குப் பருவமழையின் வால் போகாமல் நிற்கும், ஒக்டோபரில் பிற்பகல் இடிமழை தொடங்கிவிடும், ஏப்ரல் பாதியிலிருந்து மாலையில் முகில் கட்டும். ஆக எனக்கு வருடத்தில் கிடைப்பது மார்ச்சும் அதன் இரு கரையிலும் கொஞ்சமும். சூரியன் தன் பதினோராண்டுச் சுற்றின் உச்சக் கட்டத்துக்கு வந்துவிட்டதாக 2024 ஒக்டோபரில் அறிவித்தார்கள். உச்சம் தணிந்தால் குமிழிகளும் குறையும், சிவப்பும் மங்கும். இன்னும் சில மார்ச் மாதங்கள் நன்றாக இருக்கும். கூரைச் சில்லுக்கு எண்ணெய் விட வேண்டும், சூட்டுப்பட்டியில் இரண்டு ரெசிஸ்டர் போய்விட்டது.